வெப்பாலை யானையும் சந்தன எண்ணெயும்

சந்தனக்கட்டை கடத்துகிறவன் என்று என்னை பஸ்ஸிலிருந்து இறக்கியபோது என் மடியில் இருந்தது ஒரு வெப்பாலை மர யானை. அதைச் செதுக்கியவனும் நான்தான், அதற்குச் சந்தன வாசனை ஏற்றியவனும் நான்தான். எழுபதுகளின் தொடக்கம் அது. தருமபுரியில் ராஜமாணிக்கம் என்பவரின் மரச்சிற்பப் பட்டறையில் எனக்கு வேலை.

1. பெயர் வைக்கும் முதலாளி

முதலாளிக்கு உளி பிடிக்கத் தெரியாது. மரத்துக்குப் பெயர் வைக்க மட்டும் நன்றாகத் தெரியும். உள்ளே வேம்பாக வந்தது வெளியே தேக்காகப் போகும். மாமரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசினால் ஈட்டி மரம். கஸ்டமர் தட்டிப் பார்த்து, "கணீர்னு இருக்குதே!" என்று தலையாட்டிவிட்டு வாங்கிப்போவார்.

வெப்பாலைக்கு இந்தப் பொய் தேவையே இல்லை. பால் நிறம், நெருக்கமான நார். உளி எந்தப் பக்கம் போனாலும் பிசிறு வராது. நிழலில் பொறுமையாகக் காயவைத்தால் யானையின் காது மடலைக் காகிதம் போல இழைக்கலாம். ஆனால் சொல்லிப் பெருமைப்பட முடியாத பெயர். அதுதான் அதன் குற்றம்.

பாப்பாரப்பட்டி கான்ட்ராக்டர் மாதப்பன் ஒருநாள் வந்தார்.

"அரூர் இன்ஜினியருக்குக் குடுக்கணும். சந்தனத்துல ஒரு யானை வேணும். பாலம் வேலை ஒண்ணு அவரு கையில இருக்குது."

"நம்மகிட்ட இருக்கறதே சந்தனந்தானுங்க. பாரஸ்ட் பேப்பர் கீப்பர் மட்டும் கேக்காதீங்க," என்றார் முதலாளி. என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

மாதப்பன் போனதும் ஒரு வெப்பாலை உருட்டுக்கட்டையை என் முன்னால் போட்டார்.

"நடுப்புள்ளியோட செதுக்குனா நாளைக்கு வெடிக்குமுங்க. பொளந்துட்டுச் செய்யலாம்," என்றேன்.

"பொளந்தா யானை எலியாயிரும் பாய். அப்படியே செய்."

செய்தேன். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, மூன்று நாள் சந்தன எண்ணெய் தேய்த்தேன். முதலாளியைக் குறை சொல்வது எளிது. தேய்த்த கை என்னுடையது.

2. செக்போஸ்ட்

தனியாகச் செதுக்கிய தந்தம் வழியில் உடைந்துவிடும், இன்ஜினியர் வீட்டில் வைத்துப் பொருத்தலாம் என்று மாதப்பன் என்னையும் கூட்டிக்கொண்டார். வழியெல்லாம் பஸ்ஸில் இருந்தவர்களிடம், "அசல் சந்தனம், மோந்து பாருங்க" என்று யானையை நீட்டிக்கொண்டே வந்தார். பாதி பஸ் முகர்ந்தது.

பாரஸ்ட் செக்போஸ்டில் கார்டு ஒருவர் ஏறினார். மூக்கை உறிஞ்சினார்.

"பஸ்ஸே மணக்குதே. யாரு வெச்சிருக்கறது?"

மாதப்பன் யானையை என் மடியில் வைத்துவிட்டு வெளியே மலையைப் பார்க்க ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் முகர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் அவரைக் காட்டிக்கொடுத்தார்கள். இரண்டு பேரையும் இறக்கி ரேஞ்சர் ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள்.

"ஐயா, இது சந்தனமே இல்லீங்க. வெப்பாலை. வாசனை நான் தேச்ச எண்ணெய்ங்க," என்றேன்.

"புடிபடறவன் எல்லாம் இதையேதான் சொல்றான்," என்றார் ரேஞ்சர்.

ரம்பம் வாங்கி யானையின் பீடத்தில் ஒரு வில்லை அறுத்துக் கொடுத்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது, வாசனை இல்லை.

"சந்தன மரத்துலயும் வெளிப்பக்கத்து வெள்ளைக்கு வாசனை இருக்காதுய்யா. எனக்கே பாடமா?"

அவர் சொன்னது உண்மை. வீட்டில் என் பீவி ஆறு மாதக் கர்ப்பம். நான் உள்ளே போனால் அவளுக்கு யார் சோறு போடுவார்கள்? அறுத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

"ஐயா, இங்க பாருங்க. இது மரத்தோட நடுப்புள்ளி. முழுக்கட்டையில செஞ்சது. இந்தப் பருமனுக்கு சந்தனம்னா நடுவுல வைரம் ஏறி மஞ்சளா மணக்கணுமுங்க. இதுல நடுவுலேர்ந்து ஓரம் வரைக்கும் ஒரே வெள்ளை."

ரேஞ்சர் நகத்தால் கீறினார், முகர்ந்தார், மறுபடி கீறினார். பிறகு சிரித்துவிட்டார்.

"திருடன்னு புடிச்சாந்தா, ஏமாத்துக்காரன்னு நிரூபிச்சுட்டியேய்யா!"

கார்டுகளும் சிரித்தார்கள். ஜெயிலுக்குத் தப்பித்தேன். ஆனால் தலை நிமிர முடியவில்லை.

"சந்தனம்னு சொல்லி ஏமாத்திட்டீங்களே!" என்று மாதப்பன் கையை ஓங்கினார்.

"தப்புத்தானுங்க," என்றேன். வேறு என்ன சொல்வது?

3. நிபுணர்கள்

மாதப்பன் ஊர் திரும்புவார் என்று நினைத்தேன். அவர் யானையோடு என்னையும் இழுத்துக்கொண்டு அடுத்த அரூர் பஸ்ஸில் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டார்.

"இந்த வாசனை எத்தினி நாளைக்கு நிக்கும்?"

"ஒரு மாசம் நிக்குமுங்க."

"போதும். அதுக்குள்ள பாலம் நம்ம கைக்கு வந்துரும்."

இன்ஜினியர் கண்ணை மூடி யானையை முகர்ந்தார். "அசல்னா தனியாத் தெரியுதே!" என்றார். அவருடைய மனைவி அடியைத் திருப்பிப் பார்த்து, "இங்க மட்டும் ஏன் வெள்ளையா இருக்குது?" என்று கேட்டார்.

"முத்துன சந்தனம் அம்மா," என்றார் மாதப்பன், கொஞ்சமும் கூசாமல்.

"ஆமா, முத்துனா வெளுத்துரும்," என்று இன்ஜினியர் விளக்கம் சொன்னார். நான் வாயைத் திறக்காமல் தந்தத்தைப் பொருத்தினேன்.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "எதுக்குய்யா அறுத்துக் காட்டுனே? ரெண்டு நாள் உள்ள இருந்திருந்தா நானே வந்து கூட்டியாந்திருப்பேன். பட்டறை பேரு போச்சே!" என்றார்.

அந்த வாரமே வேலையை விட்டேன். தகரக் கூரை போட்டு சொந்தமாகச் செதுக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு சாமானின் அடியிலும் மரத்தின் பெயரை உளியால் வெட்டிவைத்தேன். எடுத்துப் பார்ப்பவர்கள் அடியைப் படித்ததும் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். முதல் ஆறு மாதம் வயிறு காய்ந்தது.

பிறகு ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். ஒரு மயிலைத் திருப்பிப் பார்த்தார்.

"வெப்பாலையா? மணக்காதா?"

"மணக்காதுங்க. வெடிக்கவும் வெடிக்காது."

"மயிலு எதுக்கு மணக்கணும்?" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

தொழில் பழக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உளியைத் தீட்டும் முன்பு மரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்ததை முதலாளிக்குப் பயந்து மாற்றிச் சொல்லாதீர்கள். மரம் எனக்கு ஒரு வருடத்தில் தெரிந்துவிட்டது. அதன் பெயரை வாய்விட்டுச் சொல்வதற்குத்தான் ஒரு ரேஞ்சர் ஆபீஸ் தேவைப்பட்டது.