சலவைச் சோடாவில் ஊறிய மீன்

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் நார்வே தேசத்துக் கப்பல் இன்ஜினீயர் குடும்பம் குடியிருக்கிறது. டிசம்பரில் ஒரு நாள், கிணற்றடியில் சலவைச் சோடா கரைத்த தொட்டியில் அவர்களுடைய கருவாடு ஊறிக் கிடந்தது. பாவம், துரைசாணிக்குக் கருவாட்டுப் பக்குவம் தெரியவில்லை என்று நானே எடுத்து நன்றாக அலசி, புளிக்குழம்பு வைத்து, பெருமையாக மாடிக்குக் கொண்டுபோனேன்.

துரைசாணி சட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வீட்டு ஆயா மேரிதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா இப்டி பண்ணிட்ட! அது அவங்க கிறிஸ்மஸ் மீனு. சோடாவுல ஊற வச்சித்தான் அவங்க ஊர்ல துன்னுவாங்க. அவங்கம்மா கப்பல்ல அனுப்சது!"

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. துரைசாணியோ என் மனம் நோகக்கூடாதென்று, காரத்தில் கண்ணும் மூக்கும் ஒழுக, குழம்பைச் சாப்பிட்டு முடித்தார்.

இப்போதெல்லாம் அடுத்தவர் தொட்டியில் எது ஊறினாலும் கேட்காமல் கை வைப்பதில்லை. அந்தக் கிறிஸ்மஸுக்கு அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்கத்தான் இன்னும் துணிவு வரவில்லை.