அப்பா சாக்குக் கட்டிய மரங்கள்

அந்தக் கோடையில் கனடாவில் எங்கள் டொலார்ட் தெருவின் மரங்களைக் கம்பளிப் புழுக்களான மயிர்க்கொட்டிகள் இலை தின்று மொட்டையடித்துக்கொண்டிருந்தன. ஓக், பேர்ச், மேப்பிள் எதையும் விடவில்லை. முற்றத்தில் நின்றால் அவற்றின் எச்சம் தலையில் பொலபொலவென்று கொட்டும். தெருவார் கூடி, ஒவ்வொரு மரத்திலும் நெஞ்சளவு உயரத்தில் சாக்குத் துண்டைச் சுற்றிக் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். பகல் வெயிலுக்கு இறங்கிவரும் மயிர்க்கொட்டிகள் சாக்குக்குள் ஒளியும். பின்னேரம் சாக்கைத் தூக்கி, அவற்றைப் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீருக்குள் போடவேண்டும்.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மா காலமான பிறகு, போர்நிறுத்தக் காலத்தில், ஒரே மகள் என்று நான்தான் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டேன். குளிர்காலம் முழுவதும் யன்னலோரம் இருந்து வெறும் தெருவைப் பார்த்தார். எனக்கு வேலை. என் பிள்ளைகள் சண்டை பிடிப்பதுகூடப் பிரெஞ்சில்தான். சாக்கு என்ற சொல்லைக் கேட்டதும் மனிதர் எழும்பிவிட்டார். முப்பது வருடம் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே கூட்டுறவுச் சங்கக்கடை நடத்தியவர் அல்லவா! பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதித் தமிழ்க் கடைகளில் நான் கேட்டு வாங்கிவந்த வெற்று அரிசிச் சாக்குகளைத் தையல் பிரித்து, அளவாக வெட்டி, தெரு முழுவதும் அவரே கட்டினார். தூரத்தில் அவரைக் கண்டாலே அயலவர்கள் கை அசைக்கத் தொடங்கினார்கள். எனக்குக்கூட அப்படி யாரும் அசைத்ததில்லை.

பக்கத்து வீட்டில் தனியே இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை அப்பாவுக்குக் கூட்டாளியானார். ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. நாலு மணியானால் இருவரும் ஆளுக்கொரு வாளியோடு மரம் மரமாகப் போவார்கள்.

"பிள்ளை, மனுசி நல்ல வேலைகாரி. ஒண்டையும் தப்ப விடாது" என்று அப்பா இரவுச் சாப்பாட்டின்போது சொல்லுவார். அவர் சிரித்துக் கதைத்ததைக் கனடாவில் நான் கண்டது அந்த நாட்களில்தான்.

ஒரு நாள் வேலையால் வந்தபோது தெருவில் தீயணைப்பு வண்டி நின்றது. ஆசிரியை வீட்டு முன்முற்றத்து வெள்ளைப் பேர்ச் மரம் ஒரு பக்கம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அப்பா கையில் தடியோடு நின்றார். அதன் நுனியில், அவர் இடுப்பில் உடுக்கும் பழைய சாரத்தின் எரிந்த துண்டு. ஊரில் முருங்கையில் மயிர்க்கொட்டி மொய்த்தால் பந்தம் கொளுத்தித்தான் வாட்டுவோம். அதையே இங்கும் செய்திருக்கிறார். பேர்ச் மரத்தின் பட்டை கடதாசி மாதிரிப் பற்றும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதை இன்று எழுதுகிறேன். அன்று எனக்கு அந்த அறிவு வரவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெருச் சனம் முழுவதும் பார்த்துக்கொண்டு நிற்க, கத்தினேன்.

"உங்களுக்கென்ன விசரே? ஊரில செய்யிற வேலையெல்லாம் இஞ்ச செய்யிறதே? உங்களைக் கூப்பிட்டதுதான் நான் செய்த பிழை!"

அப்பா தடியைப் புல்லில் மெதுவாக வைத்துவிட்டு உள்ளே போனார். நான் கத்தியது தமிழில்தான், ஆனாலும் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் நாலு மணிக்கு ஆசிரியை வாளியோடு எங்கள் கதவைத் தட்டினார். அவர் கைகள் இரண்டும் தடித்துச் சிவந்து கிடந்தன. மயிர்க்கொட்டியின் அரிக்கும் சுணைமயிர் கையுறையையும் தாண்டிப் பிடித்திருந்தது. முந்தின நாள் அப்பா அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, "நீ இரு, நான் பார்க்கிறன்" என்பதுபோலச் சைகை காட்டித் தன்னை வீட்டுக்குள் அனுப்பினார் என்றார். மரம் போனால் போகட்டும், அவரை வரச்சொல் என்றார். நான் அப்பாவின் அறைக்கதவைத் திறந்தேன்.

"நித்திரை எண்டு சொல்லிவிடு பிள்ளை" என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடி. அப்படியே சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு அவர் தெருவில் இறங்கவேயில்லை. ஆவணியில், ஊரில் கொஞ்சம் அலுவல் இருக்கிறது, போகவேணும் என்றார். என்ன அலுவல் என்று நான் கேட்கவில்லை. "போகாதேங்கோ" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நின்றிருப்பார். விமான நிலையத்தில் குளிர்சட்டையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுப் போனார்.

பிறகு ஊரில் மறுபடி சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதையைப் பூட்டினார்கள். அவர் நோயில் விழுந்தபோது எனக்குப் போக வழியில்லை. ஒரு நாள் தொலைபேசியில் தொடர்பு கிடைத்தது. குரல் மெலிந்திருந்தது. மருந்து, சாப்பாடு என்று கொஞ்சம் கதைத்தோம். பேந்து கேட்டார்:

"நான் அங்க வந்து நிண்டது உனக்கு வெக்கமாப் போச்சு, என்ன பிள்ளை?"

இல்லை அப்பா என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? அழுகிறேன் என்று தெரிந்தால் மனிதர் பயந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"மருந்தை ஒழுங்கா எடுங்கோ" என்றேன்.

"ஓம் பிள்ளை" என்றார். நாங்கள் கடைசியாகக் கதைத்தது அதுதான்.