பொன்னாடைக்குள் பாடிய டப்பா

வடமதுரை பேருந்து நிலையத்துக்கு எதிரே மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் நாகஜோதிக்கு வயது நாற்பத்தொன்று. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். "ஆம்பள யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டபடி மிக்ஸியை இறக்கி வைப்பவர்களுக்குப் பதினெட்டு வருடமாக ஒரே பதில்தான்: "இல்லண்ணே, ரிப்பேர் தெரிஞ்ச ஆள்தான் இருக்கேன்."

திண்டுக்கல் சாலையில் தனியார் பள்ளி ஒன்று ரோபோ ஆய்வகம் கட்டியது. ஏ.சி. உண்டு, கண்ணாடிக் கதவு உண்டு, சுவர்களில் தாளாளர் இளஞ்செழியனின் படங்கள் நான்கு உண்டு. ஒரு ஸ்க்ரூ டிரைவர் கிடையாது. சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது.

"திறப்பு விழாவுல எதையாச்சும் செஞ்சு காட்டும்மா. நல்லா வந்தா வேலை உனக்குத்தான்" என்றார் தாளாளர், வேலை கேட்டுப் போன நாகஜோதியிடம்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது நாகஜோதியின் பழைய ஆசை. பி.எட். இல்லாதவரை எந்தப் பள்ளியும் வாசலைத் தாண்ட விட்டதில்லை. இந்த வாய்ப்பு தவறினால் இன்னொன்று வராது.

பழைய ரேடியோவின் ஸ்பீக்கர், 555 என்ற மலிவான ஐ.சி. சில்லு, பேட்டரி ஆகியவற்றை ஒரு முறுக்கு டப்பாவுக்குள் அடக்கினார். மூடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஒளி உணரி. வெளிச்சம் கூடினால் சுருதி ஏறும். கையால் மறைத்தால் இறங்கும். தந்தி இல்லை, கட்டை இல்லை. காற்றில் கையை அசைத்தே வாசிக்கலாம். கடை டியூப்லைட்டின் கீழ் பத்து நாள் பழகி ஒரு கும்மி மெட்டைக் கொண்டுவந்தார்.

விழாவன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "சார், டப்பா மேல வேற வெளிச்சம் விழுகக் கூடாது."

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

பார்த்துக்கொண்டார். வீடியோக்காரர் தஹ்சீனைக் கூப்பிட்டு, தன் முகத்தில் விளக்கை நன்றாக அடிக்கச் சொன்னார். முகம் இருந்தது டப்பாவுக்கு நேர் மேலே.

சுவிட்சைப் போட்டதும் டப்பா கீச்சென்று அலறியது. கையால் மறைத்தும் அடங்கவில்லை. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்னம்மா, மிக்ஸியவே கொண்டாந்துட்டியா?" என்றார் தாளாளர். முன்வரிசை கடமை தவறாமல் சிரித்தது.

"லைட்ட அமத்துங்க தம்பி."

"சார் சொல்லணும்க்கா" என்றார் தஹ்சீன்.

"அமத்துனா நான் எப்படித் தெரிவேன்?" என்றார் சார். நம் விழாக்களில் மின்சாரம்கூடப் போகலாம். வீடியோ விளக்கு அணையக் கூடாது.

மேசையில் விருந்தினர்களுக்கான பொன்னாடைகள் குவிந்திருந்தன, பிறகு யாரும் போர்த்திக்கொள்ளாத ரகம். நாகஜோதி ஒன்றை உருவி, நாலாக மடித்து டப்பாவின் மேல் போட்டார். அலறல் நின்றது. ஓரத்தை ஒரு விரல்கடை தூக்கினார். தாழ்ந்த குரலில் டப்பா முனகியது. இன்னும் கொஞ்சம் தூக்கினார். தூக்கியும் தாழ்த்தியும், அங்கங்கே சுருதி பிசகி, கும்மி வந்தேவிட்டது. பிள்ளைகள் கை தட்ட ஆரம்பித்தார்கள். போட்டோவுக்காகத் தாளாளர் பொன்னாடையில் கை வைத்தார். பாட்டு செத்தது.

"கைய எடுங்க சார்."

எடுத்தார். பாட்டு முடிந்ததும் மைக்கைப் பிடித்து, "நம்ம பள்ளிப் பொன்னாடையே பாடுது பாருங்க" என்றார். கருவியைப் பற்றி அவருக்கு விளங்கியது அவ்வளவே. வேலை கொடுக்க அது போதுமானதாக இருந்தது.

நியமன ஆணையில் கையெழுத்துப் போடுமுன் நாகஜோதி முப்பது ஸ்க்ரூ டிரைவர் கேட்டார்.

"எதுக்கும்மா அம்புட்டு?"

"பிள்ளைக கையில கொடுக்கத்தான் சார். உங்க படத்தக் கழட்டிட்டு அந்த ஆணியில மாட்டி வச்சுக்கிறேன்."

கிண்டல் என்று நினைத்துத் தாளாளர் சிரித்தார். திங்கட்கிழமை காலை நாகஜோதி ஏணியோடு வந்தார்.