ஏவுகணைக்குக் காரணம் சொன்ன காலை

ஞாயிற்றுக்கிழமை, கொரட்டூர் வீட்டில் இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். டிவியில் செய்தி ஓடியது: வளைகுடாவில் ஒரு துறைமுகத்தின் மேல் சொல்லாமல் கொள்ளாமல் ஏவுகணை விழுந்திருக்கிறது. என் மனைவியின் தம்பி அங்கேதான் கிரேன் ஃபிட்டர்.

என் போனில் நெட் தீர்ந்திருந்தது. மனைவியின் போனைப் பிடுங்கி வாட்ஸ்அப்பில் அவனுக்கு அடித்தேன். அவன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

பயம் வந்தால் மற்றவர்களுக்குச் சாமி நினைவு வரும். எனக்கு வாய் ஓடும். டீக்கடையில் தினமும் உலக அரசியல் பேசுகிறவன் வேறு. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சகலை அதே போனில் அழைத்ததும், எண்ணெய்க் கப்பல்கள் நெருக்கியடித்துப் போகும் அந்தக் குறுகலான கடலில் ஆரம்பித்தேன்.

"அண்ணாத்தே, அது கெடக்கட்டும். பையன் இன்னா ஆனான்?"

"அங்கதான் வரேன். பெரிய நாட்டுக்காரன் மொதல்ல ராணுவத் தளம் போட்டான். பக்கத்து நாட்டுக்காரன் மொறைச்சான். ரெண்டு பேருக்கும் ஆயுதம் வித்தவன் கம்முனு கீறான். பேச்சுவார்த்தைக்குத் தேதி குறிச்சுட்டாங்க, இனிமே அடி விழாதுன்னு எல்லாரும் நம்பினோம் பாரு, அந்த நம்பிக்கைதான் அடிச்சவனுக்கு வசதி!"

நடுநடுவே காதில் வெயிட்டிங் சத்தம். யாரோ சொந்தக்காரர்கள், என் விளக்கத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மனைவி கையை நீட்டி நீட்டிப் போனைக் கேட்டாள். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு எண்ணெய் விலைக்குப் போனேன்.

கீழ் வீட்டு அக்கா படியேறி ஓடிவந்தாள். அவள் பையனுக்கும் அதே துறைமுகத்தில்தான் வேலை. அவள் போனில் வீடியோ கால்; ஏதோ பேஸ்மென்ட்டில், பையனின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் மச்சான்.

"மாமா, யார்கிட்ட பேசிக்கினு கீற? உசுரோட கீறேன்னு சொல்லக்கூட லைன் உட மாட்டியா நீ?"

மனைவி அந்தப் போனைப் பறித்தாள். என்னைப் பார்த்த பார்வை ஒரு தனித் தாக்குதல். அதன் காரணத்தை யாரும் ஆராய வேண்டியதில்லை.

"வந்துடுடா," என்று அழுதாள்.

"வந்து? அங்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல நான் வேல செஞ்ச பட்டறைய மூடிட்டாங்க. இங்க காண்டிராக்ட் முடியாம பாஸ்போர்ட் தர மாட்டான். மாமாகிட்ட குடு."

வாங்கினேன். மச்சான் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே மாமா. இன்னிக்கு மறுபடி அடிப்பானா?"

தளம், கடல், ஆயுதம், தேதி எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. ஒன்றுகூட அந்தக் கேள்விக்கு உதவவில்லை. எரிச்சலில் சுவரில் குத்தலாம் போலிருந்தது.

"அந்த பேஸ்மென்ட்லயே இரு மச்சான். வெளிய வராத."

"எப்புடி இருக்குறது? ஷிஃப்ட்டுக்குக் கூப்புடுறாங்க," என்றான்.