உள் அறை அரிசி

அந்த டைலரை நான் நம்பியதே இல்லை. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் எங்கள் அரிசிக் கடைக்கு எதிரே தையல் மெஷின் போட்டிருந்தார். ஊரே என் நயினாவை முதலாளி என்று கூப்பிட, அவர் மட்டும் அண்ணே என்பார். காஜா எடுத்துக்கொண்டே பொதுவுடைமை பேசுவார். எங்கள் கடைமேல் கண் வைத்துத்தான் பேசுகிறார் என்று எனக்குப் பட்டது.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த காலம். ஒரு வாரம் சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். லாரி எதுவும் வரவில்லை. இரண்டாம் நாளே நயினா மூட்டைகளை உள் அறைக்கு மாற்றிப் பூட்டிவிட்டார். கேட்டு வருகிறவர்களிடம் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வது என் வேலை.

அன்று மதியம் டைலர் வந்தார்.

"அண்ணே, ரோட்ட அடைச்சதால மட்டும் பஞ்சம் வராது. இருக்கறத ஒளிச்சாதான் வரும். எந்தக் கடைல இன்னா கீதுன்னு பலகைல எழுதிப் போடுங்க. பழைய வெலைக்கே வூட்டுக்கு ரெண்டு படி அளந்து குடுப்போம்."

"மொதல்ல உன் மிஷின ஊருக்குப் பொதுவா வுட்டுட்டு வா" என்றார் நயினா.

டைலர் உள் அறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் பட்டப்பகலில் அவர் சைக்கிளில் ஒரு மூட்டை போனது. பின்னாலேயே போனேன். தன் வீட்டுக்குள் இறக்கினார். ஓடிவந்து, அரிசிக்காக எங்கள் கடைமுன் நின்ற கூலிக்காரப் பெண்களிடம் சொன்னேன்: "நம்மகிட்ட நாயம் பேசிக்கினு, அவரு வூட்ல பதுக்குறாரு."

எல்லாரும் போனார்கள். நானும் போனேன், சந்தோஷமாக.

மூட்டையில் இருந்தது சாமை. கல்வராயன் மலைக்காரர்கள் ஒற்றையடிப் பாதையில் சுமந்து இறக்கியது. மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் உப்பைக் கொடுத்து மாற்றி, அந்தப் பெண்களின் தெருவுக்குப் பங்கிடத்தான் கொண்டுவந்திருந்தார்.

அவர்களில் ஒருத்தி என் பக்கம் திரும்பினாள். "இவரு வூட்டப் பாத்தாச்சி. இப்ப உங்க உள் ரூமப் பாக்கலாமா தம்பி?"

கூட்டம் கடைக்கு வந்தது. யாரோ கடப்பாரை எடுத்தார்கள். டைலர் குறுக்கே போய் நின்றார்.

"கதவத் தொடாதீங்க. அண்ணனே தெறப்பாரு."

நயினா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

அடுத்த நான்கு நாளும் பழைய விலைக்கே அளந்தேன். அந்தப் பெண் பக்கத்தில் நின்று படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்துத் தெருக்களில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. இன்றைக்கும் ஏதோ நெருக்கடி என்று விலை தாறுமாறாக ஏறினால், சரக்கு நிஜமாகவே இல்லையா, எங்கேயாவது பூட்டிக் கிடக்கிறதா என்றுதான் முதலில் யோசிக்கிறேன். அந்தச் சந்தேகம் டைலர் கொடுத்தது.

நயினாவின் சந்தேகம் வேறு. "நீ பாக்கணும்னுதான் அவன் பகல்ல தூக்கிக்கினு போனான்" என்று கடைசிவரை சொன்னார். பல வருஷம் கழித்து டைலரிடமே கேட்டேன்.

"ராத்திரில போயிருந்தா நீ இன்னா சொல்லியிருப்ப?" என்றார்.

அது பதில்தானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.