சத்தமில்லாத சூரியகாந்திக் காடு

போன ஞாயிற்றுக்கிழமை புதூர்ப் பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். கரிசல் முழுக்கச் சூரியகாந்தி மஞ்சளாய் நிற்கிறது. போட்டோ எடுக்காமல் இருக்க முடியுமா? போனை நீட்டிக்கொண்டே காட்டுக்குள் இறங்கினேன்.

நாலு எட்டுதான் வைத்திருப்பேன். என்னவோ குறைகிறது... சத்தம்! பூத்த காட்டில் எப்போதும் கேட்கும் ரீங்காரம் இல்லை. குனிந்து பார்த்தேன். செடி மூட்டில் எல்லாம் தேனீக்கள் செத்துக் கிடந்தன. இரண்டு மூன்று இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தன.

"புழுவுக்கு நேத்துக் காலைல மருந்து அடிச்சேம்லா! நல்லா கேட்டிருக்கு" என்றார் அப்பா, பெருமையாக.

"பூத்த நேரத்துல, அதுவும் காலைல அடிக்கலாமாப்பா? யார் சொன்னா?"

"ஏலே, நீதாம்லே சொன்ன!"

ஆமாம், நான்தான். உங்களிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. மருந்து டப்பாவை போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நான் ஆபீஸ் டீ டைமில் அளவை மட்டும் பார்த்துவிட்டு, "வெயில் ஏறினா உங்களுக்குத் தலை சுத்தும், காலைல எட்டு மணிக்கே அடிச்சிருங்க" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டேன். இப்போது அதே போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அளவுக்கு அடுத்த வரியிலேயே இருக்கிறது — பூக்கும் சமயத்தில், தேனீக்கள் நடமாடும் வேளையில் தெளிக்கக் கூடாது!

எங்க குடும்பத்தில் முதன்முதலாய்ப் பள்ளிக்கூடம் போனவன் நான். அடுத்த வரியைப் படிக்கவில்லை.

தேனீ இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும்? ஒரு பூவின் மகரந்தம் இன்னொரு பூவுக்குப் போய்ச் சேராது. விதை பிடிக்காது, எல்லாம் பருப்பில்லாத சாவிதான். மானாவாரியில் எங்களுக்கு இந்த வருஷம் இது ஒன்றுதான் வெள்ளாமை.

விவசாயம் படித்த நண்பனுக்கு போன் போட்டேன். "கையுறை மாட்டிக்கிட்டு, மெல்லிசான துணியால ஒவ்வொரு பூவா ஒத்தி எடுங்க. வேற வழியில்ல" என்றான்.

மறுநாள் காலை, அம்மாவின் பழைய மெல்லிய பருத்திச் சேலையைக் கிழித்துக்கொண்டு மூன்று பேரும் இறங்கினோம். ஒரு பூவை ஒத்தி, அதே துணியால் அடுத்த பூ... அதற்கடுத்த பூ...

"உன்னப் படிக்க வச்சது பூவுக்கு மூஞ்சி தொடச்சு விடவாய்யா?" அம்மா சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினொரு மணிக்குள் இடுப்பு விட்டுப்போனது. முடிந்தது நாலே வரிசை. பூ என்ன, நமக்காகக் காத்துக்கொண்டா இருக்கும்?

"மிச்சத்துக்கு ஆள் கூப்பிடுவமாலே?" என்றார் அப்பா.

எந்த ஆளைக் கூப்பிட? கூப்பிடாமலே வந்துகொண்டிருந்த ஆட்களைத்தான் நான் மருந்தடித்துக் கொன்றுவிட்டேனே!