சிவப்புக் கோட்டின் கழுத்துப் பட்டி

என் அண்ணையின் முதல் வருச ஆட்டைத் திவசத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டு இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அலங்காரமாக எழுத வராது.

அண்ணை சாவகச்சேரியில் பிறந்தவர். கனடாவில் மொன்றியலுக்கு வந்து உடுப்புத் தொழிற்சாலைகளில் முதுகு வளைய உழைத்து எங்கள் எல்லோரையும் இங்கே கூப்பிட்டு எடுத்தார். தொழிற்சாலை மூடியபின் டவுன்டவுனில், கதை முழுவதையும் பாட்டாகவே நடிக்கும் ஒப்பெரா அரங்கின் உடுப்பறையில் தையல்காரராகச் சேர்ந்தார். "கூத்துக்காரருக்கு ஊசி கோக்கிறவர்" என்று கலியாண வீடுகளில் நக்கலடித்தவர்களும் இதை வாசிப்பீர்கள்.

அங்கே ராசா வேசத்துக்கு ஒரு சிவப்பு வெல்வெட் கோட்டு. அரங்கு தொடங்கிய காலத்தது. கழுத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் துணிப் பட்டி. அதைப் போட்டுப் பாடிய ஒவ்வொருவர் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக அதில் தைத்திருக்கும். பாடகர் ஐரோப்பாவிலிருந்து வந்துசேருமுன் அளவு பார்க்க, அதே உடம்புவாகுள்ள அண்ணை அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பார். யன்னலுக்கு வெளியே பனி கொட்டுமாம். எங்கோ ஒரு அறையில் யாரோ பாடிப் பழகுவார்களாம். கால் தரையில் படாமல் நிற்பதுபோல் இருக்குமாம்.

"எல்லா ராசாவுக்கும் முன்னம் நான்தானடா ராசா," என்பார்.

அரங்கின் சரித்திரத்தைப் பெரிய புத்தகமாகப் போட்டார்கள். பாடியவர்கள் இருந்தார்கள், பணம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். தைத்தவர் ஒருவரும் இல்லை. நான் சத்தம் போட்டேன்.

"விடடா தம்பி. கோட்டின்ர உள்பக்கத்தை ஆர் பாக்கினம்?" என்று சிரித்தார். ஆனால் புத்தகத்தின் பெயர்ப் பட்டியலை இரண்டுதரம் விரல் வைத்துத் தேடியதை நான் கண்டேன்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபடி அந்தப் பட்டியின் பெயர்களை வரிசை தப்பாமல் சொல்லிக்கொண்டிருப்பார். இவர்களெல்லாம் உங்கள் உறவினரா என்று நேர்ஸ் கேட்டாள். ஆம் என்றேன்.

அண்ணையைப் பார்த்த வைத்தியர்கள், நேர்ஸ்மார், நாங்கள் இருக்கும் ரொக்ஸ்பரோவிலிருந்து சோறு கொண்டுவந்த அயலவர்கள், செத்தவீட்டில் தோள் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் நன்றி.

உடுப்பறைக்குப் பொறுப்பான பெண்மணிக்குத் தனியாக நன்றி. அண்ணையின் கத்தரிக்கோலை எடுக்கப் போன அன்று, அவர் சிவப்புக் கோட்டை விரித்து ஊசியை என் கையில் தந்தார். கடைசிப் பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. முழுப் பெயருக்குப் போதாது. கறுப்பு நூலில், தமிழில், "அண்ணை" என்று தைத்தேன். எழுத்தெல்லாம் கோணல். முடிச்சும் தடித்துப்போயிற்று.

அடுத்த ராசாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. கழுத்தில் உறுத்தும்.

உறுத்தட்டும்.